பூனை விழுங்கிய நூல்



பூனையின் நாக்கை எப்போதாவது தொட்டுப் பார்த்திருக்கிறாயா? சொரசொரவென்று இருக்கும். அதில் குட்டிக் குட்டி முட்கள் உண்டு. எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ந்திருக்கும். விளையாடும்போது அதில் நூல் சிக்கினால், பூனையால் எளிதில் துப்ப முடியாது. நூல் உள்ளேதான் போகும். நுனியில் தையல் ஊசி இருந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

"வாயில் நுனி தெரிகிறதே, பிடித்து இழுத்துவிடலாமே?" என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி, கண்ணு! ஆனால் இழுக்கவே கூடாது.

ஏன் தெரியுமா? குடல் ஒரு நீளக் குழாய். சுருங்கி விரிந்து, உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொண்டது. மறுமுனை குடலுக்குள். குடல் தள்ளுகிறது, நூலோ நகரவில்லை. பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொள்ளுமே, அப்படிக் குடல் நூலின் மேல் மடிந்து மடிந்து சுருங்கும். இறுகிய நூல் குடலை அறுத்துவிடும். நாமும் இழுத்தால்? பாவம், இன்னும் அறுக்கும். புரிகிறதா?

நாய்க்கும் மாம்பழக் காலத்தில் இப்படி ஓர் ஆபத்து உண்டு. மாங்கொட்டையை அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, குடலை அடைத்துக்கொள்ளும். பிறகு நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும், சோறு தின்னாது, சுருண்டு படுத்துவிடும்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனால், அவர் முதலில் பூனையின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு எக்ஸ்ரே. 1895-ல் ராண்ட்ஜென் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த அதே கதிர்தான்! ஊசியும் நாணயமும் பளிச்சென்று தெரியும். நூலும் துணியும் தெரியாது. அதற்கு ஸ்கேன் உதவும். பொருள் இரைப்பையில் இருந்தால், மயக்க மருந்து கொடுத்து, கேமரா வைத்த வளையும் குழாயை வாய் வழியாக விட்டுப் பல நேரம் எடுத்துவிடலாம். குடலில் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று தடுத்துவிடு. அதிக உப்பு உயிருக்கே ஆபத்து. மேலே வரும் ஊசி தொண்டையையும் குத்தும். பூனையோ நாயோ எதையாவது விழுங்கிவிட்டால், அம்மா அப்பாவிடம் உடனே சொல். எதை விழுங்கியது, எப்போது விழுங்கியது என்று டாக்டரிடம் நீயே சொல்லு. அதே போன்ற பொருள் வீட்டில் இன்னொன்று இருந்தால், கையோடு எடுத்துப் போ.