இன்ஹேலர்: மருந்து நுரையீரலைச் சென்றடைவது எவ்வாறு?

ஆஸ்துமாவிலும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் மூச்சுக்குழாய்கள் சுருங்கி வீங்குகின்றன. மாத்திரை வயிற்றைக் கடந்து, இரத்தத்தில் கலந்த பிறகே அவ்விடத்தை அடைகிறது. இன்ஹேலர் மருந்தை நேரடியாக அங்குச் சேர்ப்பதால் குறைந்த அளவே போதுமானது. சால்பியூட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 0.1 மில்லிகிராம் மட்டுமே. இதனால் கை நடுக்கம், படபடப்பு ஆகியவையும் குறைகின்றன. இன்ஹேலருக்கு அடிமையாகிவிடுவோம் என்ற அச்சம் தேவையற்றது.

மூச்சின் வேகம் ஏன் முக்கியம்?

ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களே சிறு மூச்சுக்குழாய்கள் வரை செல்கின்றன. பெரிய துகள்களும் வேகமாகப் பாயும் துகள்களும் தொண்டையிலேயே படிந்துவிடுகின்றன.

- அழுத்தும் இன்ஹேலர்: மருந்து விசையுடன் வெளிவருவதால், மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுக்க வேண்டும்.
- உலர்தூள் இன்ஹேலர்: உங்கள் மூச்சின் விசையே தூளைப் பிரிக்கிறது, எனவே வேகமாகவும் ஆழமாகவும் உள்ளிழுக்க வேண்டும். இதற்கான கேப்சூலை விழுங்கக் கூடாது.
- ஸ்பேசர்: அழுத்தும் இன்ஹேலருடன் இணைக்கப்படும் இக்குழல், மருந்தின் வேகத்தைத் தணிக்கிறது. அழுத்துவதையும் மூச்சிழுப்பதையும் ஒருங்கே செய்ய இயலாத குழந்தைகளுக்கும் முதியோருக்கும் மிகவும் உதவும்.

அழுத்தும் இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறை

1. மூடியைக் கழற்றி, நன்கு குலுக்கவும்.
2. மூச்சை முழுமையாக வெளிவிடவும்.
3. வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடவும்.
4. மூச்சை மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கியவுடன் ஒருமுறை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுக்கவும்.
5. 10 வினாடிகள், அல்லது இயன்றவரை, மூச்சை அடக்கவும்.
6. மறுமுறை தேவையெனில் 30 முதல் 60 வினாடிகள் கழித்து மீண்டும் செய்யவும்.

நிவாரண மருந்தும் தடுப்பு மருந்தும்

சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்களை விரிவடையச் செய்கிறது. பயன் 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கும். ஆனால் அது வீக்கத்தைக் குறைப்பதில்லை. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு மருந்தாகும். அதன் முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். மூச்சு சீராக உள்ளது என்பதற்காக அதைத் தாமாக நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமடையக்கூடும். இம்மருந்தை எடுத்த பின் வாயைக் கொப்பளித்து நீரைத் துப்பிவிடவும். இது வாய்ப்பூஞ்சைத் தொற்றைத் தவிர்க்க உதவும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

ஆஸ்துமா உள்ளவருக்கு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டால் மருத்துவரை அணுகவும். செல்லும்போது இன்ஹேலரை உடன் எடுத்துச் சென்று, பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டவும். நிவாரண மருந்துக்குப் பின்னும் மூச்சுத்திணறல் குறையாவிட்டாலோ, பேச இயலாவிட்டாலோ, உதடுகள் நீலநிறமானாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.