மலை ஏறி ரேடியோ பிடிக்கலாம், வர்றீங்களா?

"மச்சி, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு என்னடா பண்ணப் போறே?"

"அட, அதுக்கெல்லாம் கவலைப்படலாமா? கடையில காசைக் கட்டினா கோடு, ரிப்போர்ட், சி.டி. எல்லாம் சேர்த்துக் கையில குடுத்துடுவாங்க. நாம பேரை மட்டும் போட்டாப் போதும்!"

இந்த டயலாக் கேட்காத இன்ஜினீயரிங் காலேஜ் கேன்டீன் உண்டா? வாங்கின புராஜெக்ட் வைவா வாசல் வரைக்கும் ஜம்முனு வரும். உள்ளே போனதும் எக்ஸ்டர்னல் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, "ஏம்ப்பா, இந்த இடத்துல 1024-ன்னு போட்டிருக்கே... ஏன் 1024?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அப்புறம் என்ன? ஃபேனைப் பார்ப்பீர்கள், ஜன்னலைப் பார்ப்பீர்கள், பக்கத்தில் நிற்கிற டீம் மேட்டைப் பார்ப்பீர்கள். அவரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்!

அப்படி முழிக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. நாமே ஒரு ரேடியோ செய்யலாம். சாலிடரிங் அயர்ன் வேண்டாம், காயில் சுற்ற வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு யு.எஸ்.பி. டாங்கிள், கொஞ்சம் பொறுமை... இது போதும்.

சாஃப்ட்வேரே ரேடியோ!

தாத்தா வீட்டு ரேடியோவில் ஸ்டேஷனைப் பிரிப்பது, சத்தத்தை வடிகட்டுவது எல்லாம் உள்ளே இருக்கிற பாகங்களின் வேலை. சாஃப்ட்வேர் டிஃபைண்ட் ரேடியோவில் அந்த வேலையை எல்லாம் புரோகிராம் செய்கிறது. ஆன்டெனாவில் வருகிற அலையை எண்களாக மாற்றித் தருவது மட்டும்தான் டாங்கிளின் வேலை. மிச்சமெல்லாம் நீங்கள் எழுதுகிற கணக்கு.

'சாஃப்ட்வேர் ரேடியோ' என்ற பெயரை 1991-ல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்காவின் ஜோசப் மிட்டோலா. 2001-ல் எரிக் பிளாஸம் 'க்னூ ரேடியோ'வை ஆரம்பித்தார். ஆனாலும் கருவி விலை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2012-ல்தான் திருப்பம். கம்ப்யூட்டரில் டி.வி. பார்ப்பதற்காக விற்ற சாதாரண யு.எஸ்.பி. குச்சி ஒன்றில் இருந்த ரியல்டெக் 2832யு சிப், அலையைப் பச்சையாக எண்களாகவே வெளியே தள்ளும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். 'ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர்.' பிறந்தது. லட்சங்களில் இருந்த சமாசாரம் சில ஆயிரம் ரூபாய்க்கு இறங்கியது.

டாங்கிளைச் செருகினால் ரேடியோ பாடிவிடுமா? அங்கேதான் சிக்கல். பலரும் எஃப்.எம். சிக்னலைப் பிரிக்கிற கணக்கை எழுதி முடித்துவிடுவார்கள். ஸ்க்ரீனில் அலை அழகாக ஆடும். ஸ்பீக்கரில் மட்டும் 'கர்ர்ர்... டக்... டக்!' தப்பு கணக்கில் இருக்காது. எண்களை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகிற கடைசி ஒரு முழத்தில் இருக்கும்.

கல்யாணப் பந்தி தெரியுமா?

சவுண்ட் கார்டை, பந்தியில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதராக நினைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 48,000 எண்களைச் சாப்பிடுவார். தடவைக்கு 1024 எண்களாகப் பரிமாறினால், 21 மில்லி செகண்டில் இலை காலி. அடுத்த கரண்டி வருவதற்குள் இலை காய்ந்துவிட்டால், அதுதான் அந்த 'டக்'.

பரிமாறுகிறவருக்குப் புரோகிராம் மொழியில் 'கால்பேக்' என்று பெயர். சவுண்ட் கார்டு கூப்பிடும்போதெல்லாம் ஓடிவந்து நிரப்புகிற ஃபங்ஷன். இவர் இலையை விட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தால் பந்தி என்னாகும்? பலரும் செய்கிற தப்பு இதுதான். கால்பேக்குக்குள்ளேயே டாங்கிளைப் படிப்பது, ஃபில்டர் போடுவது, ஸ்க்ரீனில் பிரின்ட் பண்ணுவது, ஃபைல் திறப்பது... ஒன்றுமே கூடாது!

சமையல் தனி த்ரெட்டில் நடக்கட்டும். ஆன சாப்பாட்டை ஒரு அண்டாவில் கொட்டி வையுங்கள். கால்பேக் அண்டாவிலிருந்து அள்ளி இலையில் வைத்தால் போதும். அந்த அண்டாவுக்குத்தான் 'ரிங் பஃபர்' என்று பெயர். முதல் பந்திக்கு முன்பே அண்டாவில் பாதி நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மூணு ஊர், மூணு பழக்கம்

அடுத்த தலைவலி, ஒவ்வொரு ஊர்ப் பந்திக்கும் ஒரு பழக்கம். காலேஜ் லேபில் விண்டோஸ். அதிலேயே எம்.எம்.இ., டைரக்ட்சவுண்ட், வாசாபி என்று பல வழிகள். உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் என்றால் ஆல்சா, ஜாக். டீமில் ஒருத்தர் மேக் வைத்திருந்தால் கோர் ஆடியோ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடு எழுதினால் செமஸ்டரே முடிந்துவிடும்.

இதற்காகவே இருக்கிறது 'போர்ட்ஆடியோ' என்ற லைப்ரரி. உருவாக்கியவர்கள் ராஸ் பென்சினாவும் ஃபில் பர்க்கும். ரேடியோக்காரர்கள் இல்லை, கம்ப்யூட்டர் இசைக்காரர்கள்! 2001-ல் கியூபாவின் ஹவானாவில் நடந்த சர்வதேச கம்ப்யூட்டர் இசை மாநாட்டில் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். நீங்கள் ஒரே மாதிரி எழுதினால் போதும், எந்த ஊர்ப் பந்தி என்பதை அது பார்த்துக்கொள்ளும். காசும் கிடையாது, கோடும் திறந்தே இருக்கிறது. பாட்டு வெட்டி ஒட்ட நீங்கள் பயன்படுத்துகிற 'ஆடாசிட்டி'க்குள்ளேயும் இதுதான் இருக்கிறது. ஹாம் ரேடியோக்காரர்களின் 'பவர் எஸ்.டி.ஆர்.' மென்பொருளும் இதைத்தான் நம்பியது. இதே வேலையைச் செய்ய கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஸ்கவோன் எழுதிய 'ஆர்.டி.ஆடியோ'வும் உண்டு. சி பிளஸ் பிளஸ் பிடித்தவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

கையில எடுங்க, கட்டுங்க!

* சி மொழி என்றால் ஆறே படிகள்: இனிஷியலைஸ், ஓபன், ஸ்டார்ட், ஸ்டாப், குளோஸ், டெர்மினேட். பைத்தான் என்றால் இன்னும் சுலபம், 'சவுண்ட்டிவைஸ்' என்ற மாட்யூலைப் போட்டால் விண்டோஸிலும் மேக்கிலும் போர்ட்ஆடியோ கூடவே வந்துவிடும். லினக்ஸில் மட்டும் போர்ட்ஆடியோவைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

* முதலில் டாங்கிளைத் தொடாதீர்கள்! 440 ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலையைக் கால்பேக் வழியாக வாசித்துப் பாருங்கள். 'ம்ம்ம்ம்' என்று பத்து நிமிஷம் பிசிறு இல்லாமல் ஓடினால் பந்தி ரெடி. இதில் பிசிறு அடித்தால் ரேடியோ மேல் பழி போட முடியாது.

* டிவைஸ் பட்டியலை எடுத்தால் ஒரே ஸ்பீக்கர் மூணு நாலு தடவை வரும். பயப்பட வேண்டாம். ஒரே வீட்டுக்கு நாலு வாசல், அவ்வளவுதான். விண்டோஸில் வாசாபி வாசலை முதலில் முயற்சி செய்யுங்கள்.

* இப்போது டாங்கிள். விண்டோஸில் 'ஜாடிக்' என்ற சின்ன டூலைக் கொண்டு அதன் டிரைவரை மாற்ற வேண்டும். விநாடிக்கு 2,40,000 சாம்பிள் என்று வையுங்கள். எஃப்.எம். ஸ்டேஷன் ஒன்றின் அகலம் சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் என்பதால் இது போதும். எஃப்.எம்.மைப் பிரித்தபின் ஃபில்டர் போட்டு, ஐந்துக்கு ஒன்றாகக் குறைத்தால் 48,000. சவுண்ட் கார்டு கேட்பதும் அதேதான்!

ஏழு நிமிஷ மர்மம்

பாட்டு வந்துவிட்டது. ஆனால் அறிவிப்பாளர் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல இழுக்கிறதா? நீங்கள் கொடுப்பது 48,000, ஓடுவது 44,100 ஆக இருக்கும். ஸ்ட்ரீம் ஓபன் பண்ணும் இடத்தில் ரேட்டைச் சரி பாருங்கள்.

எல்லாம் சரியாக ஓடி, ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை மட்டும் 'டக்' என்கிறதா? பேய் இல்லை, கடிகாரம்! டாங்கிளுக்குள் ஒரு படிகம், சவுண்ட் கார்டுக்குள் இன்னொரு படிகம். இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்காது. பத்து லட்சத்துக்கு 50 என்று வித்தியாசம் இருப்பதாக வையுங்கள். 48,000-க்கு அது விநாடிக்கு 2.4 சாம்பிள். அண்டாவில் 1024 மட்டும் மிச்சம் வைத்திருந்தால் சுமார் 427 விநாடியில் காலி. ஏழு நிமிஷம்!

அண்டாவைப் பெரிதாக்கினால் 'டக்' தள்ளிப்போகும், தீராது. அண்டாவின் மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருந்து, குறைந்தால் சாம்பிள்களைத் துளியூண்டு நீட்டி, ஏறினால் துளியூண்டு சுருக்கி அனுப்புவதுதான் மருந்து. காதுக்குத் தெரியவே தெரியாது. வைவாவில் இந்த ஒரு விஷயத்தை நீங்களாகவே சொன்னால், எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார்.

விடுறா வண்டிய, ஏற்காட்டுக்கு!

ஹாஸ்டல் ரூமில் ட்யூப் லைட், சார்ஜர், பக்கத்துக் கட்டடம் எல்லாம் சேர்ந்து சிக்னலைக் கெடுக்கும். உங்கள் ரேடியோவுக்கு உண்மையான பரீட்சை வைக்க வேண்டுமானால் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுங்கள்.

ஏன் மலை? எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. சமதரையைவிட எத்தனை மீட்டர் உயரம் என்று பார்த்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பது தோராயமாக வந்துவிடும். மொட்டை மாடியில் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் 13 கிலோமீட்டர். ஏற்காடு கீழே இருக்கிற சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். கணக்குப் போடுங்கள்... 142 கிலோமீட்டர்!

எதிர்ப்பக்கமும் மலையாக இருந்தால்? அகில இந்திய வானொலியின் கோடை பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். கொடைக்கானலில் இருந்து ஒலிபரப்பாவதால்தான் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு அது எட்டுகிறது. ஏற்காட்டிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 190 கிலோமீட்டர். இரண்டு மலையின் எட்டும் தூரத்தையும் கூட்டினால் 300-ஐத் தாண்டும். அதனால் கணக்குப்படி எட்ட வேண்டும். சேலத்தைப் பார்த்த மாதிரி இருக்கிற லேடீஸ் சீட் பக்கம், முன்னால் மேடு மறைக்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள். தலைச்சோலை மாதிரி மலைக் கிராமத்தில் நண்பன் வீடு இருந்தால் இன்னும் விசேஷம், சாப்பாடும் கிடைக்கும்!

அடுத்த லெவல் வேண்டுமா? சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும். எப்போதும் பேசாது, தலைக்கு மேலே கடக்கிற பத்து நிமிஷத்துக்குள் பிடிக்க வேண்டும். வருகிற வேகத்தில் அலைவரிசை சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். துரத்திப் பிடிக்கிற புரோகிராமும் உங்கள் வேலைதான். ஒரு எச்சரிக்கை: பழைய பாடங்களில் எல்லாம் நோவா வானிலை சாட்டிலைட் படம் பிடிப்பதைச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த 15, 18, 19 மூன்றையும் 2025-ல் நிறுத்திவிட்டார்கள். அதைத் தேடி ராத்திரி முழிக்காதீர்கள்.

மறக்காம நாலு விஷயம்

* லேப்டாப்பில் முழு சார்ஜ். மலையில் பிளக் பாயின்ட் தேடி அலைய முடியாது.

* டாங்கிளை லேப்டாப்பிலேயே செருகாமல், ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள். இரைச்சல் குறையும்.

* இடி மின்னல் வந்தால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடுங்கள். ரேடியோ நாளைக்கும் கேட்கலாம்.

* ஒலிபரப்பு நிலையங்கள், ஹாம் அலைவரிசை... இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போலீஸ், ராணுவம் என்று ஒட்டுக்கேட்கப் போனால் வம்பு. இந்த டாங்கிள் கேட்க மட்டும்தான் செய்யும். நீங்களும் பேச ஆசைப்பட்டால், மத்திய அரசின் ஹாம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்குங்கள். 12 வயது ஆனாலே எழுதலாம்!

மலையில் பனி இறங்குகிற நேரம், ஸ்வெட்டருக்குள் கையை வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதின கோடு வழியாகக் கொடைக்கானல் குரல் பிசிறில்லாமல் வருவதைக் கேளுங்கள். அந்தச் சந்தோஷத்தை எந்தக் கடையிலும் சி.டி. போட்டுத் தரமாட்டார்கள்.

அப்புறம் வைவா. "ஏம்ப்பா, ஏன் 1024?"

"சார், விநாடிக்கு 48,000 போகுது. 1024-ன்னா 21 மில்லி செகண்ட். இன்னும் குறைச்சா எங்க லேப்டாப்ல பந்தி காய்ஞ்சிடும். கூட்டினா குரல் தாமதமா வரும். மலையில வெச்சு டெஸ்ட் பண்ணிட்டோம் சார்!"

ஜன்னலைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. ஆல் தி பெஸ்ட்!