யாருடைய மூளை? – கஞ்சா, வளரிளம் பருவம், பெண் உடல்

‘கஞ்சா மூளையைக் கெடுக்கும்’ என்கிறது அரசு. ‘கஞ்சா மனசைத் திறக்கும்’ என்கிறது இலக்கியக் கலகம். ஒன்று ஒழுக்கத்தின் குரல், மற்றது மீறலின் குரல். இரண்டும் எதிரெதிர் என்றுதான் நாம் நெனச்சிக்கிட்டிருக்கோம். ஆனால் ‘மூளை’, ‘மனசு’ என்று பேசும்போது இரண்டுமே முன்வைத்திருப்பது ஒரே உடலைத்தான்: வளர்ந்து முடிந்த ஆண் உடல். பதினாலு வயசுப் பெண்ணின் மூளை இவ்விரு சொல்லாடல்களுக்கும் வெளியே நிற்கிறது. அறிவியலும் வெகுகாலம் அதை வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தது.

1

கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யை மெகூலமும் கயோனியும் 1964இல் இஸ்ரேலில் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அது எதைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்பது 1988இல்தான் தெரியவந்தது: பின்னர் ‘சிபி-1’ என்று பெயர் பெற்ற ஏற்பி. சரி, ஏதோ ஒரு செடியின் சாவிக்கு மூளை ஏன் பூட்டு வைத்திருக்க வேண்டும்? உடம்பே அதற்கொரு சாவியைச் செய்துகொள்கிறது என்பது 1992இல் கிடைத்த விடை. ‘ஆனந்தம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை வைத்து அந்தப் பொருளுக்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள்.

நரம்பணுக்களுக்கிடையே செய்தி வழக்கமாக ஒரு திசையில்தான் போகும். ஆனந்தமைடு வகைப் பொருட்கள் எதிர்த்திசையில் போகின்றன. செய்தியை வாங்கிய அணு, அனுப்பிய அணுவைப் பார்த்து ‘போதும், கொறச்சுக்கோ’ என்கிறது. இடமும் நேரமும் பார்த்து நடக்கிற பேச்சு இது. டி.எச்.சி. இதன்மேல் ஒரே இரைச்சலாகக் கவிகிறது.

வளரிளம் பருவத்தில் இந்த இரைச்சலுக்குக் கூடுதல் பொருள் உண்டு. குழந்தை மூளை தேவைக்கு மேல் நரம்பிணைப்புகளைப் போட்டு வைத்திருக்கும். பூப்புக் காலம் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதி வரை, நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியில் – முடிவெடுக்கவும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் உதவுகிற பகுதியில் – வேண்டாதவை கழிக்கப்படுகின்றன. தோட்டக்காரர்கள் ‘கவாத்து’ என்பார்களே, அதுதான். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் சிபி-1 பேச்சுக்கும் பங்குண்டு.

2

ஹார்மோன்கள் பெருகுவதும் இதே காலத்தில்தான். முட்டைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரடயால், ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை அடக்குவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். நொதி அடங்கினால் ஆனந்தமைடு கூடும். ஆக கஞ்சா வந்து தட்டுகிற கதவு, பெண் உடலின் ஹார்மோன் சுழற்சியோடு சேர்ந்து அசைகிற கதவு. அமெரிக்காவில் ரெபெக்கா கிராஃப்ட் குழுவினர் டி.எச்.சி.யின் வலி தணிக்கும் விளைவு பெண் எலிகளில் கூடுதல் என்று காட்டினார்கள். முட்டைப்பை நீக்கிய எலிகளுக்கு ஈஸ்ட்ரடயால் கொடுத்தபோது அந்த உணர்திறன் கூடியது.

இத்தாலியில் ரூபினோ, பரோலாரோ குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவ எலிகளுக்குச் சில நாட்கள் டி.எச்.சி. கொடுத்து நிறுத்திவிட்டு, அவை வளர்ந்த பிறகு சோதித்தார்கள். தண்ணீரில் விட்டபோது நீந்தித் தப்பப் பார்க்காமல் சோர்ந்து மிதந்தவை பெண் எலிகள். ஆண் எலிகளிடம் இது தென்படவில்லை. பெண் எலிகளின் மூளையில் சிபி-1 குறைந்த இடங்களும் அதிகம். மருந்து போய் வெகுநாள் கழித்தும் அதன் தடம் நின்றது. ‘கவாத்து’ இயல்பாக நடக்காமல் போவதைப் பெண் எலிகளில் இதே குழு 2015இல் காட்டியது.

3

இது ஏன் இத்தனை தாமதமாகத் தெரிந்தது? கஞ்சாவையும் மனச்சிதைவையும் இணைத்த புகழ்பெற்ற ஆய்வு 1987இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஐம்பது தடவைக்கு மேல் புகைத்தவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு. பிற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஆய்வுக்குள்ளான 45,570 பேரும் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த ஆண்கள். சான்றின் பிறப்பிடமே பாசறை!

எலிக்கூண்டிலும் இதே கதைதான். ஒரே பாலினத்தை வைத்துச் செய்யப்பட்ட நரம்பியல் ஆய்வுகளில், ஒரு பெண் விலங்கு ஆய்வுக்கு 5.5 ஆண் விலங்கு ஆய்வுகள் என்று 2011இல் கணக்கிட்டார்கள். சொன்ன காரணம்: பெண் உடலின் சுழற்சி முடிவுகளைக் ‘குழப்பும்’. சுண்டெலி ஆய்வுகள் 293ஐ அலசி, பெண் விலங்குகள் ஆண்களைவிட அதிகம் மாறுபடுவதில்லை என்று 2014இல் காட்டிய பிறகு அந்தக் காரணமும் போனது. இன்னொரு பக்கம் பாருங்கள்: கஞ்சா என்று நாம் சொல்வதே பெண் செடியின் பூ. வயலில் ஆண் செடியைப் பிடுங்கி எறிவார்கள், ஆய்வகத்தில் பெண்ணை.

4

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘பொம்பளப் புள்ளைங்க மூளை பலவீனமானது’ என்று இதை வாசிக்க ஒழுக்கக் காவலர்கள் காத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரடயாலைப் ‘பெண் ஹார்மோன்’ என்று அழைப்பதே பாதி உண்மை. ஆண் மூளையும் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து அதைத் தயாரித்துக்கொள்கிறது. உணர்திறன் என்பது பலவீனம் அல்ல. எலிக்கு ஊசியில் ஏற்றும் அளவும் ஒரு பெண் தோழியோடு புகைக்கும் அளவும் ஒன்றல்ல. எலிக்கு வறுமை, வீட்டில் அடி, பள்ளியை விட்டு நிற்பது எதுவும் இல்லை. நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வு, பதின்வயதில் தொடங்கி நெடுங்காலம் புகைத்தவர்களின் அறிவுத்திறன் அளவெண் எட்டுப் புள்ளி வரை குறைந்ததென்று 2012இல் சொன்னது. குடும்பச் சூழலே இதை விளக்கக்கூடும் என்று 2013இல் மறுப்பு வந்தது. 2016இல் வெளியான அமெரிக்க இரட்டையர் ஆய்வில், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் சரிவில் வேறுபாடு தெரியவில்லை.

அதனால் எதுவும் ஆகாது என்று கலகக்காரர்கள் கைதட்டவும் முடியாது. வயது, அளவு, ஹார்மோன் மூன்றும் விளைவை மாற்றுகின்றன என்பது சோதனையில் நின்ற உண்மை. அதைப் பெண்ணுக்கு அறிவாகத் தரலாம். இல்லை, அவளைக் காவல் காக்கும் சாக்காக ஆக்கலாம். இரண்டும் வேறு வேறு அரசியல். இனி ‘கஞ்சா மூளையை’ என்று யாராவது ஆரம்பித்தால், வாக்கியத்தை முடிக்கவிடாமல் கேட்போம்: எந்த வயசு, எவ்வளவு, யாரோட மூளை?