பன்னிருவர் தீர்ப்பு
ஆங்கில நாட்டு ஜூரி முறையின் வரலாறு

குற்றவாளிக் கூண்டில் ஒருவர் நிற்கிறார். சட்டம் கற்றுத் தேர்ந்த நீதிபதி உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். ஆயினும், நிற்பவர் குற்றவாளியா அல்லரா என்று முடிவு கூறும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை. ஒரு புறத்தில் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கே அது உண்டு. அவர்களுள் ஒருவர் கடைக்காரராக இருக்கலாம். மற்றொருவர் பஸ் ஓட்டுநராக இருக்கலாம். சட்டம் படிக்காத இவர்களே இங்கிலாந்தில் கடுங்குற்ற வழக்குகளில் உண்மை எது என்று தீர்மானிக்கின்றனர். இவர்களுக்கு ஜூரி என்று பெயர்.

ஜூரி என்னும் சொல் நார்மன் மக்களின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 'சத்தியம் செய்தவர்கள்' என்பது அதன் பொருள். ஜூரிகள் கூறும் முடிவுக்கு 'வெர்டிக்ட்' என்று பெயர். 'உண்மையாகச் சொல்லப்பட்டது' என்பது அதன் பொருள். சத்தியம் செய்தவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை. அந்த உண்மையை அச்சமின்றிச் சொல்லும் உரிமை அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை.

அயலார் சொன்ன சாட்சியம்

1166ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் கிளாரண்டன் என்னும் இடத்தில் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஒவ்வோர் ஊர்த்தொகுதியிலும் நம்பிக்கைக்குரிய பன்னிருவர், தம் வட்டாரத்தில் கொலை, கொள்ளை செய்தவர் என்று ஐயுறப்படுவோர் யாவர் என்று சத்தியம் செய்து கூற வேண்டும் என்பது அக்கட்டளை. இவர்கள் குற்றம் சாட்டினரே தவிர, தீர்ப்புக் கூறவில்லை. தீர்ப்பைக் கடவுளிடம் விட்டனர். குற்றம் சாட்டப்பட்டவரைக் கயிற்றால் கட்டி நீரில் இறக்குவர். மூழ்கினால் குற்றமற்றவர், மிதந்தால் குற்றவாளி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடக்கச் செய்வதும் உண்டு. மூன்று நாள் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்து, புண் ஆறிய நிலையைக் கொண்டு முடிவு செய்வர்.

1215ஆம் ஆண்டில் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை, இச்சோதனைகளில் குருமார்கள் பங்கு பெறக் கூடாது என்று தடை விதித்தது. குருவின் ஆசி இல்லையேல் சோதனை இல்லை. அதன்பின், குற்றம் உண்மைதானா என்பதையும் அயலாரிடமே கேட்கத் தொடங்கினர். அக்கால ஜூரிகள் நிகழ்ச்சியையும் ஆளையும் நேரில் அறிந்தவர்கள், அறிந்ததனாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இன்றோ குற்றம் சாட்டப்பட்டவரை அறிந்தவர் ஜூரியாக அமர முடியாது. சாட்சிகள் தனியே வந்து கூற, அதைக் கேட்டு மதிப்பிடுவோராக ஜூரிகள் மாறினர். இம்மாற்றம் நிறைவுறச் சில நூற்றாண்டுகள் ஆயின.

பசியும் சிறையும்

முடிவுக்கு வரும்வரை ஜூரிகளுக்கு உணவும் நீரும் குளிர்காயத் தீயும் தரலாகாது என்பது பழைய விதி. அதனினும் கொடியது வேறொன்று. அரசு விரும்பாத முடிவைக் கூறினால் அவர்களே தண்டிக்கப்பட்டனர். 1554ஆம் ஆண்டில் மேரி அரசியார் ஆட்சியில், சர் நிக்கலஸ் திராக்மார்ட்டன் மீது இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் தம் வழக்கைத் தாமே வாதாடினார். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அதற்காக அவர்கள் சிறையிடப்பட்டனர். பெருந்தொகை அபராதமும் விதிக்கப்பட்டது.

இந்நிலையை மாற்றியது 1670ஆம் ஆண்டு வழக்கு. லண்டனில் குவேக்கர் சமயத்தாரின் வழிபாட்டு மண்டபத்தைப் படைவீரர்கள் பூட்டிவிட்டனர். வில்லியம் பென் என்னும் இளைஞர் மண்டபத்திற்கு வெளியே, கிரேஸ்சர்ச் தெருவில் நின்று சமய உரை ஆற்றினார். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டினார் என்று அவரும் வில்லியம் மீட் என்பவரும் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

ஜூரிகளின் முடிவு விசித்திரமாக இருந்தது: "கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம் உண்டு." தெருவில் பேசுவது குற்றமன்று, ஆகவே நீதிபதிகள் சினங்கொண்டு அம்முடிவை ஏற்க மறுத்தனர். ஜூரிகளை இரண்டு இரவுகள் உணவும் நீரும் தீயும் இன்றி அடைத்து வைத்தனர். இறுதியில் அவர்கள் ஒரே குரலில், 'குற்றவாளிகள் அல்லர்' என்றனர். ஒவ்வொருவருக்கும் 40 மார்க், அதாவது ஏறத்தாழ 27 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. செலுத்தும்வரை சிறை.

ஜூரிகளுள் எட்வர்ட் புஷல் என்பவரும் வேறு சிலரும் அபராதம் செலுத்த மறுத்து, ஆட்கொணர்வு விண்ணப்பம் செய்தனர். அதை விசாரித்த தலைமை நீதிபதி வாகன் அவர்களை விடுவித்தார். ஒரே சாட்சியத்தைக் கேட்ட இருவர் வெவ்வேறு முடிவுக்கு வருவது இயல்பு. நீதிபதி நினைத்ததையே ஜூரிகள் சொல்ல வேண்டுமெனில் ஜூரி எதற்கு என்பது அவர் தீர்ப்பின் சாரம். அன்று முதல், கூறிய முடிவுக்காக ஜூரிகளைத் தண்டிக்கும் வழக்கம் ஒழிந்தது.

இரக்கத்தின் கணக்கு

இவ்வுரிமை பல உயிர்களைக் காத்தது. 18ஆம் நூற்றாண்டில், வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடியவருக்குத் தூக்குத் தண்டனை. அதனால் ஜூரிகள் பலமுறை, அதைவிட விலையுயர்ந்த பொருளையும் 39 ஷில்லிங் என்றே மதிப்பிட்டனர். திருடனுக்குத் தண்டனை உண்டு. ஆனால் உயிர் தப்பும். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதைப் புண்ணியப் பொய் என்னும் பொருள்பட வருணித்தார்.

காலப்போக்கில் முறையும் மாறியது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு இடமளித்தது. பன்னிருவரும் ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற விதி 1967ல் தளர்ந்து, பதின்மர் ஒத்திருந்தால் போதும் என்றாயிற்று. ஜூரியாக இருக்கச் சொத்துத் தகுதி வேண்டும் என்னும் விதியும் 1970களில் நீங்கியது. சிறு குற்றங்கள் மாஜிஸ்திரேட் மன்றங்களில் ஜூரி இன்றியே முடிவாகின்றன.

ஆங்கில ஆட்சியோடு ஜூரி முறை இவ்வட்டாரத்திற்கும் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. 1950ஆம் ஆண்டுக் கலவரத்தில் நிகழ்ந்த கொலை தொடர்பாக நால்வருக்கு வாதாடிக் கொலைக் குற்றத்தினின்று விடுதலை பெற்றுத் தந்த இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ, அவ்வெற்றியினாலேயே ஜூரி முறையில் நம்பிக்கை இழந்தார். வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எதிர்த்தும், 1969ல் சிங்கப்பூர் அம்முறையை நீக்கியது. மலேசியா 1995ல் நீக்கியது. பழக்கமற்றவர் கையில் உயிரை ஒப்படைக்கலாமா என்பது ஒரு சாராரின் கேள்வி. அரசின் ஊழியர் கையில் மட்டும் ஒப்படைக்கலாமா என்பது மறு சாராரின் கேள்வி.

இங்கிலாந்திலும் இவ்வாதம் ஓயவில்லை. 2023ல் லண்டன் நீதிமன்றம் ஒன்றின் வெளியே ஒரு மாது, மனச்சான்றின்படி விடுதலை செய்யும் உரிமை ஜூரிகளுக்கு உண்டு என்று எழுதிய அட்டையை ஏந்தி நின்றார். அவர்மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்க அரசுத் தரப்பு அனுமதி கோரியது. 2024ல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த அட்டையில் இருந்த கருத்து புதியதன்று. ஓல்ட் பெய்லி கட்டிடத்தினுள், புஷல் முதலிய ஜூரிகளின் உறுதியைப் போற்றும் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அவர்களைப் பசியில் வாட்டிய நீதிமன்றத்தின் பெயரைத் தாங்கிய கட்டிடமே இன்று அவர்கள் புகழைத் தாங்கி நிற்கிறது.