விரல் நுனியில் ஒரு சாட்சி

2021 மே மாதத்தில் எங்கள் தெருவில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இல்லாத வீடுகள் குறைவு. இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். சானிடைசரால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். விரலை உள்ளே விட்டால் சிவப்பு வெளிச்சம், கொஞ்ச நேரத்தில் ஓர் எண். 97 என்றால் நிம்மதியாகக் காபி போடலாம். 93 என்றால் ஆம்புலன்ஸுக்கு போன். படுக்கை கிடைக்காத அந்த நாட்களில், வீட்டிலேயே இருப்பதா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா என்பதை அந்த எண்தான் தீர்மானித்தது. எல்லார் விரலிலும் அது ஒரே மாதிரி உண்மை பேசுகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் நாம் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் ஒருவர் கேட்டுவிட்டார். அவர் மருத்துவர் அல்ல, எம்.ஐ.டி.யில் மானுடவியல் பேராசிரியரான ஏமி மோரன்-தாமஸ். கணவருக்குக் கொரோனா வந்தபோது வாங்கிய கருவியை உற்றுப் பார்த்தவருக்கு ஒரு சந்தேகம்: ஒளியை நம்பி இயங்கும் பொருளுக்குத் தோலின் நிறம் குறுக்கே வராதா? 2020 ஆகஸ்டில் 'பாஸ்டன் ரிவ்யூ' இதழில் எழுதினார். அதைப் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளையே தோண்டினார்கள். அந்த டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் எடுத்த தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது எத்தனை முறை? வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம்.

கருவி ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது பிறந்த கதைக்குப் போக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அயோயாகி வேறொரு வேலையில் இருந்தார். சாயம் ஏற்றிய ரத்தம் காதுமடலில் ஓடுவதை ஒளியால் பார்த்து, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்தத் தொந்தரவை நீக்கப் போராடும்போதுதான், அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் அளவு ஒளிந்திருப்பது பிடிபட்டது. ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்ஸிஜன் ஏறியது அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். இரண்டையும் விரல் வழியே அனுப்பி, நாடியோடு சேர்ந்து துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தோல், எலும்பு, நகம் எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

காகிதத்தில் அழகுதான். ஆனால் எல்.இ.டி. விளக்கு தரும் சிவப்பு ஒற்றை அலைநீளம் அல்ல. சற்றே பரந்த ஒரு பட்டை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அந்தப் பட்டையின் ஒரு பக்கத்தைக் கூடுதலாக விழுங்க, எஞ்சும் ஒளியின் நிறம் லேசாக நகர்ந்துவிடுகிறது. இது ஒரு விளக்கம். இன்னொன்று இன்னும் எளியது. ஒளியின் விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணை ஆய்வகத்தில், ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைத்துத் தயாரிக்கப்படுகிறது. அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதலின்படி சோதனைக்குக் குறைந்தது 10 பேர் போதும். அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் இருவர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம். உலகம் முழுக்க விற்கிற பொருளுக்கு இரண்டு விரல்!

இத்தனைக்கும் இது புதிய செய்தியே அல்ல. 1990லேயே 'செஸ்ட்' இதழில் அமல் ஜூப்ரன், மார்ட்டின் டோபின் என்ற இரு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்: வென்டிலேட்டரில் உள்ள வெள்ளை நோயாளிக்கு 92 போதுமானால், கறுப்பின நோயாளிக்கு 95 தேவைப்படலாம். முப்பது ஆண்டுகள் அந்தத் தாள் நூலகத்தில் தூங்கியது. நகப்பூச்சை அழி, விரல் சில்லிட்டிருந்தால் சூடாக்கு என்பதெல்லாம் வார்டில் காதில் விழும் பாடங்கள். தோலைப் பற்றிய பாடம் அங்கு வந்து சேரவில்லை.

இதற்குக் கொடுத்த விலை என்ன? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் பங்கேற்ற 2022 ஆய்வில், கறுப்பின கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை என்று கண்டுகொள்வதே தாமதமானது தெரிந்தது. நம் கவனத்துக்குரியது வேறொன்று: ஆசிய வம்சாவளியினருக்கும் கருவி உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டியிருந்தது.

இங்கேதான் மருத்துவக் கல்வி வருகிறது. கனடாவின் ராயல் காலேஜ் 1996இல் 'கேன்மெட்ஸ்' என்றொரு சட்டகத்தை உருவாக்கியது. ஒரு மருத்துவர் ஏற்க வேண்டிய 7 பொறுப்புகளில் ஒன்று 'ஹெல்த் அட்வகேட்'. அட்வகேட் என்றதும் நமக்குக் கறுப்புக் கோட்டுதான் நினைவுக்கு வரும். வரட்டும், உவமை பொருத்தமானதே. கருவி ஒரு சாட்சி. பெரும்பாலும் நல்ல சாட்சி. ஆனாலும் குறுக்கு விசாரணை செய்யாமல் சாட்சியத்தை ஏற்கிற வக்கீலை யார் வைத்துக்கொள்வார்கள்?

நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின்படி, இந்திய மருத்துவப் பட்டதாரி மருத்துவராக, குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும், தகவல் பரிமாறுபவராக, வாழ்நாள் மாணவராக, தொழில்நெறி உள்ளவராக இருக்க வேண்டும். ஐந்தும் நல்லவையே. நோயாளிக்காகப் பரிந்து பேசுபவர் என்ற தனித் தலைப்பு அதில் இல்லை. இயந்திர உதவியைப் பற்றி 2020இல் வந்த நம் தொலைமருத்துவ வழிகாட்டுதல், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்கு உதவலாம் என்கிறது. சரி, அந்த உதவியைச் சந்தேகிக்க யார் சொல்லித்தருவது?

வெளியே சிலர் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஓக்லாந்தில் எளிய மக்களுக்கான ரூட்ஸ் கம்யூனிட்டி ஹெல்த் சென்டரை நடத்தும் மருத்துவர் நோஹா அபோலடா, மிச்சிகன் ஆய்வைப் படித்துவிட்டுச் சக மருத்துவர்களை எச்சரித்ததோடு நிற்கவில்லை. 2023இல் அவருடைய மையம் கருவித் தயாரிப்பாளர்கள்மீதும் விற்பனைக் கடைகள்மீதும் வழக்கே போட்டது. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட புதிய வரைவு, சோதனைக்கு 150 பேராவது வேண்டும் என்கிறது.

கருவிகளை மட்டுமல்ல, சூத்திரங்களையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சிறுநீரகக் கணக்கின் கதை இன்னும் விசித்திரம். ரத்தப் பரிசோதனையிலிருந்து சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிடும் 2009ஆம் ஆண்டுச் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு, விடை 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் கணக்கில் ஏறும். வெள்ளையருக்கு 18 என்றால் வரிசையில் இடம் உண்டு. அதே ரத்த அளவுள்ள கறுப்பினத்தவருக்கு 18, ஏறக்குறைய 21 ஆகிவிடும், இடம் இல்லை. கணினி தானாகவே பெருக்கிக் கொடுத்ததால் பலருக்கு இது கண்ணிலேயே படவில்லை. ஏன் பெருக்குகிறோம் என்று வகுப்பில் எழுந்து கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முன்னணியில் இருந்தார்கள். 2021இல் இனம் நீக்கிய சூத்திரம் வந்தது. 2023 முதல் பழைய கணக்கால் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் கிடைத்தன.

கேள்வி கேட்கும் துணிச்சல் பிறவிக் குணம் என்று விட்டுவிட முடியாது. ஊசி போடப் பழக்குவதுபோல இதையும் பழக்கலாம். எனக்கு ஓர் ஆசை. செய்முறைத் தேர்வில் ஒரு மேசை போட வேண்டும். வெயிலில் உழைத்துக் கறுத்த ஓர் அறுபது வயதுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். விரலில் மாட்டிய கிளிப் 95 காட்டுகிறது. மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 32. "ஒண்ணுமில்ல தம்பி, வீட்டுக்குப் போறேன்" என்கிறார். போனில் சீனியர்: "95 இருக்குல்ல? அனுப்பிடு."

மாணவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சார், மூச்சு 32 இருக்கு. ஒரு ஏபிஜி பார்த்துட்டு அனுப்பலாமா?" ஏபிஜி என்ற அந்தத் தமனி ரத்தப் பரிசோதனையின் முடிவு கிளிப்போடு ஒத்துப்போகாவிட்டால், அதை காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் நடத்திவரும் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு எழுதிப் போடவும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் சேர்த்துப் பத்து மதிப்பெண். 'சார்' என்று ஆரம்பிக்கும்போது குரல் நடுங்கினால் அரை மதிப்பெண்கூடக் குறைக்க வேண்டாம்.