முதியோரை அணுகக் கற்பித்தல்: சமூகப்பணிக் கல்வியின் கடமை

1981 ஆம் ஆண்டின் சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் மொத்தச் சனத்தொகையில் 6.6 வீதமாகவே இருந்தனர். 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது 12.4 வீதமாக உயர்ந்தது. பிறப்பு வீதம் குறைந்து, ஆயுட்காலம் நீண்டதே இதற்குக் காரணமாகும். பிள்ளைகள் தொழில் தேடி வெளிநாடு செல்வதால், முதுமையில் தனித்து வாழ்வோரும் எமது கிராமங்களில் பெருகியுள்ளனர்.

முதியோரைப் பாதுகாப்பதற்கு எமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கோரிப் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். எனினும், எத்தனை தாய்மார் தாம் பெற்ற பிள்ளைக்கு எதிராக விண்ணப்பம் எழுத முன்வருவர்?

சமூகப்பணியாளர் தேவைப்படுவது இவ்விடத்திலேயே ஆகும். வீட்டுக்குச் செல்லும் பயிற்சி மாணவர், மகனின் முன்னிலையில் "உங்களை நன்றாகக் கவனிக்கிறார்களா?" எனத் தாயிடம் வினவினால், "குறை ஒன்றும் இல்லை" என்ற பதிலே கிடைக்கும். அதனை அப்படியே அறிக்கையில் பதிந்துவிட்டுத் திரும்புவது சேவையாகாது. அதேவேளை, கேள்விப்பட்டவுடன் மகனைக் குற்றவாளியாக்குவதும் தவறாகும். மாணவர் விடைபெற்ற பின்னரும் அத்தாய் அதே கூரையின் கீழேயே வாழவேண்டியுள்ளது. தனிமையில் பேசுவது, இரகசியம் காப்பது, மருமகளின் சுமையையும் கேட்டறிவது, இறுதி முடிவைத் தாயிடமே விடுவது ஆகியன பழகிப் பெறவேண்டிய திறன்களாகும்.

முதுமை பற்றிய தமது முற்கற்பிதங்களையும் மாணவர் களையவேண்டும். கடுமையான மறதியை 'வயதுக்கோளாறு' என ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது மூளையைப் பாதிக்கும் நோயாகவோ, மனச்சோர்வாகவோ, பல மருந்துகளை ஒருங்கே உட்கொள்வதன் விளைவாகவோ இருக்கலாம். காது கேளாமையால் பதில் கூறாதிருப்பவரைப் புத்தி மங்கியவர் எனக் கருதுவோரும் உளர். நோயை இனங்காண்பது வைத்தியரின் பணி. அவரை வைத்தியரிடம் உரிய வேளையில் அனுப்புவது சமூகப்பணியாளரின் பொறுப்பு.

வடக்கு, கிழக்கு முதியோர் பலரின் வாழ்வில் இடம்பெயர்வும் இழப்பும் ஆழப் பதிந்துள்ளன. காணாமற்போன மகனின் வரவைப் பார்த்திருக்கும் தந்தையும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் முதுமையடைந்த முஸ்லிம் தாயும், உதவிப் பணத்துடன் தமது கதையைப் பொறுமையாகக் கேட்பவரையும் எதிர்பார்க்கின்றனர். அவர்களது மொழியில் உரையாடவும், தொழுகை நேரத்தையும் விரத நாளையும் அறிந்து செல்லவும் மாணவர் பழகவேண்டும்.

1952 இல் தொடங்கிய பயிற்சி நிறுவகத்திலிருந்து வளர்ந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இன்று சமூகப்பணியில் பட்டக் கல்வியையும் வழங்குகின்றது. இத்தகைய கல்வியில் முதியோர் பற்றிய பாடம் விரிவுரையுடன் நின்றுவிடலாகாது. முதியோர் இல்லத்துக்கு ஒருநாள் சென்று உணவளித்துப் படம் எடுப்பதும் களப்பயிற்சியாகாது. அநேக முதியோர் வாழ்வது வீடுகளிலேயே ஆகும். அனுபவமிக்க மேற்பார்வையாளரின் வழிகாட்டலில், ஒரே முதியவரை மாதக்கணக்கில் சந்தித்துவரும் பயிற்சியே மாணவருக்குப் பயனளிக்கும்.

சட்டம் ஏட்டிலே இருக்கின்றது. அதனை முதியவரின் வாசல்வரை கொண்டுசெல்லக்கூடியவர்களை உருவாக்குவது கல்வியாளரின் கடமையாகும்.