இத்தாலியின் சாயலில் ஒரு மலைநகரம்: லவாசாவில் நடந்தது என்ன?

மகாராஷ்டிர மாநிலம் புனே அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள லவாசா, இத்தாலியின் போர்ட்டோஃபினோவை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட நகரம். சுற்றுலாப் பயணிகளின் படங்களில் எழிலாகத் தெரியும் இந்நகரம், பல ஆண்டுகளாகத் திவால் நடவடிக்கையில் சிக்கியுள்ளது.

எதைப் பார்த்துக் கட்டினர்?

போர்ட்டோஃபினோ, இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள சிற்றூர். மீனவர் குடியிருப்பாக இருந்த இவ்வூருக்கு, படகுத்துறையை ஒட்டி நிற்கும் வண்ண வீடுகளே அடையாளம். ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி முன்னெடுத்த லவாசா திட்டத்தில், தாஸ்வே ஏரிக்கரையில் அதே தோற்றம் உருவாக்கப்பட்டது. ஒரு தெருவுக்குப் போர்ட்டோஃபினோ என்றே பெயரிடப்பட்டது.

வேறுபாடு என்ன?

அங்கு இருப்பது கடல்; இங்கு இருப்பது தேக்கிவைத்த மழைநீர். புனேவுக்கு நீர் வழங்கும் நான்கு அணைகளில் ஒன்றான வரஸ்காவ் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் லவாசா உள்ளது. இதனால் ஏரிக்கரை அழகு, நீர்ப் பங்கீடு குறித்த கேள்வியாகவும் மாறியது. நிலம் கையகப்படுத்தியது தொடர்பாக உள்ளூர் விவசாயிகளும் பழங்குடியினரும் புகார் எழுப்பினர்.

பணிகள் ஏன் நின்றன?

உரிய சுற்றுச்சூழல் அனுமதி பெறப்படவில்லை எனக் கூறி, 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பணிகளை நிறுத்த உத்தரவிட்டது. ஓராண்டுக்குப் பின், முதல்கட்டமாக 2,000 ஹெக்டேருக்கு நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. ஆனால் கடன் சுமை தீரவில்லை. 2018 ஆகஸ்டில் தேசிய நிறுவன சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையைத் தொடங்க அனுமதித்தது. 2023 ஜூலையில் ரூ.1,814 கோடி மதிப்பிலான மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அத்திட்டம் நிறைவேற்றப்படாததால், 2024-இல் அந்த ஒப்புதலும் ரத்தானது.

வீடு வாங்கியோர் நிலை என்ன?

2018-ஆம் ஆண்டின் திவால் சட்டத் திருத்தம், வீட்டுக்கு முன்பணம் செலுத்தியோரையும் நிதிக் கடனளிப்போராக அங்கீகரித்தது. கடனளிப்போர் குழுவில் அவர்கள் தங்கள் பிரதிநிதி வாயிலாக வாக்களிக்கலாம். எனினும், மீட்புத் திட்டம் செயலுக்கு வரும்வரை வீடோ பணமோ கைக்கு வராது.

வெளிநாட்டு நகரங்களின் பெயரில் குடியிருப்புகள் விற்கப்படும் இக்காலத்தில், லவாசா உணர்த்துவது இதுதான்: முகப்பை நகலெடுப்பது எளிது, நகரம் நிலைப்பது நிலம், நீர், அனுமதி, நிதி ஆகிய நான்கின் மீதுதான். முன்பணம் கொடுக்கும் முன் நில ஆவணங்கள், சுற்றுச்சூழல் அனுமதி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு ஆகியவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.